அத்தை பறித்து வந்த வெள்ளைக் குடைகள்

ஐப்பசி அடைமழை நான்கு நாள் விடாமல் கொட்டித் தீர்த்துவிட்டு, அன்று காலைதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு அத்தை உள்ளே வந்தார். ஏந்திப் பிடித்திருந்த முந்தானைக்குள் வெள்ளை வெளேரென்று ஏழெட்டுக் காளான்கள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரியது.

“தாயி, ஒரு கை சின்ன வெங்காயம் உரிச்சு வை. இன்னைக்குப் புத்துக்காளான் குழம்பு. வாயில வச்சு எத்தனை வருசமாச்சு!”

அத்தையின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. மாமா காலமான பிறகு, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, திருச்சி புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். வந்த நாளிலிருந்து, “உங்க ஊருப் பழக்கம் எனக்கு என்ன தாயி தெரியும்” என்று எல்லாவற்றிலும் ஒதுங்கியே நிற்பார். இன்று அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று எங்கள் வாசலிலேயே முளைத்துவிட்டது. அதைச் சமைத்துப் பேத்திக்குப் போட வேண்டும். அந்த ஆசையில் எப்படி மண்ணைப் போடுவது?

ஆனால், எனக்குள் ஏதோ உறுத்தியது.

“எங்க பறிச்சீங்க அத்தை?”

“முன்னாடி புல்லு போட்டிருக்கீங்கல்ல, அங்கதான். வட்டமா பூத்துக் கெடந்துச்சு.”

“அங்க புத்து ஒண்ணும் இல்லையே அத்தை?”

அத்தை பதில் சொல்லவில்லை. ஒரு காளானை எடுத்துத் தண்டின் அடியைத் திருப்பிப் பார்த்தார். “வேரு நீளமா வரலதான்...” என்றார் மெதுவாக.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. “இன்னைக்கு ஒரு நாள் வச்சுப் பார்ப்போம் அத்தை. நாளைக்குக் காலையில நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. இருந்தாலும் சரி என்றார்.

கறையான் வளர்க்கும் தோட்டம்

அத்தை சொன்ன அந்த வேர் விஷயத்தில் எவ்வளவு அறிவு இருக்கிறது தெரியுமா?

நாம் காளான் என்று சொல்வது ஒரு முழு உயிர் அல்ல. மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ வெள்ளை நூல் நூலாகப் பரவிக் கிடக்கும் பூஞ்சைதான் அந்த உயிர். மழை பெய்து ஈரம் சேர்ந்ததும், தன் வித்துகளைக் காற்றில் தூவ அது வெளியே நீட்டும் உறுப்புதான் காளான். மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, அப்படித்தான்.

புற்றுக்காளான் இன்னும் விசேஷம். கறையான்கள் புற்றுக்குள் ஒரு பூஞ்சைத் தோட்டமே வைத்திருக்கின்றன. தாங்கள் தின்ற காய்ந்த இலை தழைகளின் எச்சத்தை அடுக்கி, அதன்மேல் இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன. நம்மால் செரிக்க முடியாத மரச் சத்தைப் பூஞ்சை பக்குவப்படுத்தித் தர, கறையான் அதை உண்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கும். அதனால்தான் புற்றுக்காளானைப் பிடுங்கினால், நீண்ட வேர் போல ஒன்று மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். கடையில் கிடைக்கும் மொட்டுக் காளான், சிப்பிக் காளான் மாதிரி இதைப் பண்ணையில் வளர்க்க முடியாததற்கும் காரணம் இதுதான். கறையான் இல்லாமல் புற்றுக்காளான் இல்லை.

அத்தை பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. ஆனால், வேரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆசை கண்ணை மறைத்ததால் ஒரு நிமிடம் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒரு காளானின் தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒட்டிய காகிதத்தின்மேல் குடையை மட்டும் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தை மூடி வைத்தோம். இரவு முழுக்க அதன் வித்துத்தூள் காகிதத்தில் உதிரும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சின்னவளுக்கு இது பெரிய திருவிழா. “காலையில நான்தான் தெறப்பேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மழை வைத்த கொலு

மறுநாள் வரை காத்திருக்க வேண்டுமே... மூன்று பேரும் வீட்டைச் சுற்றி வந்தோம். இத்தனை நாள் தினமும் நடந்த அதே வழிதான். ஆனால், மழை அங்கே ஒரு கொலுவே வைத்திருந்தது.

தொட்டிகளில் மழை லில்லி இளஞ்சிவப்பாக நிமிர்ந்து நின்றது. வெயில் காலம் முழுக்க வெறும் புல் மாதிரி கிடந்து, நல்ல மழை பெய்த சில நாட்களில் கிழங்கிலிருந்து பூத்தண்டை நீட்டும் செடி இது. வேலியில் காகிதப்பூ. அதில் நாம் பூ என்று நினைக்கும் கத்தரிப்பூ நிறம் உண்மையில் இலைதான். நடுவில் குச்சி மாதிரி நிற்கும் சின்ன வெள்ளைதான் பூ என்று காட்டியதும் சின்னவள் நம்பவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

கிணற்றடியில் டிசம்பர் பூ மொட்டு வைத்திருந்தது. ஊதாவும் வெள்ளையும். இது அத்தை ஊரிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி. பக்கத்திலேயே அந்திமந்தாரை. அதுவும் அவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த, மிளகு மாதிரி கறுத்த விதைதான். மஞ்சள், ரோஸ், இரண்டும் தெறித்த கோடுகள் என ஒரே செடியில் மூன்று விதப் பூ. இதே அந்திமந்தாரையை வைத்துத்தான் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் கோரன்ஸ் 1909-ல், இலைகளின் பச்சை, வெள்ளைத் திட்டுகள் தாய்ச்செடி வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று காட்டினார். “அப்ப இது அப்பத்தா வழி வந்த பூ” என்றாள் சின்னவள். அத்தை அன்று காலைக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தார்.

பூக்களை இப்படிப் பார்த்துக்கொண்டே போனபோதுதான், அவற்றின் காலடியில் இருந்தவை கண்ணில் பட்டன.

குரோட்டன்ஸ் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் குட்டிக் குட்டிக் குடைகள். தொட்டி மண்ணில் வளரும் மஞ்சள் காளான் இது. வெப்ப நாடுகளைச் சேர்ந்த இது, தொட்டிச் செடிகளோடு ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்கள் வரை போய்விட்டது. பிராக் நகரத் தோட்டம் ஒன்றில் இதைக் கண்ட பிர்ன்பாம் என்ற தோட்டக் கண்காணிப்பாளரின் பெயரையே 1839-ல் இதற்கு வைத்தார்கள். செடிக்கு ஒரு கெடுதலும் செய்யாது. மட்கியதைத் தின்று வாழும். பிடுங்கிப் போட்டாலும் அடுத்த மழைக்கு வரும். ஆனால், தின்றால் வயிற்றைப் புரட்டும்.

தென்னைநார்க் கழிவு போட்ட தொட்டியில், சட்டைப் பொத்தான் அகலத்தில் சின்னக் கிண்ணங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் நாலைந்து முட்டைகள். “கூடு! குருவிக் கூடு!” என்று குதித்தாள் சின்னவள். அவள் சொன்னதுதான் இதன் பெயரும். பறவைக்கூடு காளான். மழைத்துளி நேராகக் கிண்ணத்தில் விழும்போது, அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் முட்டை தெறித்துப் போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த முட்டைக்குள்தான் வித்துகள் இருக்கின்றன. மழையையே கவண்கல்லாக்கிக்கொண்ட காளான்.

உரக்குழி ஓரத்தில் காகிதம் போல மெலிந்த சாம்பல் குடைகள் நின்றன. மத்தியானம் மறுபடி போய்ப் பார்த்தபோது சில துவண்டு கிடந்தன. சில இருந்த இடமே தெரியவில்லை. விறகுக் கட்டையில் கறுப்பு ஜெல்லி மாதிரி காது காதாக ஒன்று. அதன் பக்கத்தில் சிப்பியின் விசிறி போல வெள்ளையாக இன்னொன்று.

ஒரே ஒரு காளானைப் பார்த்துத்தான் அத்தை உச்சுக்கொட்டினார். பக்கத்து வீட்டுத் தென்னையின் அடித்தண்டில், பளபளவென்று செம்பழுப்பு நிறத்தில் தட்டு மாதிரி ஒட்டியிருந்தது. “இந்த மரம் தேறாது தாயி” என்றார். சரிதான். அது தஞ்சாவூர் வாடல் என்று சொல்லப்படும் அடித்தண்டழுகல் நோயின் அடையாளம். காளான் வெளியே தெரியும்போது நோய் உள்ளே வெகுதூரம் போயிருக்கும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும்போதே வேளாண் அலுவலரைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டோம். மிச்சமிருக்கும் மரங்களுக்காவது வேப்பம்பிண்ணாக்கு வைத்துக் காப்பாற்றிக்கொள்ளட்டும்.

காகிதத்தில் தெரிந்த பச்சை

மறுநாள் காலை ஆறு மணிக்கே சின்னவள் எங்களை எழுப்பிவிட்டாள். கிண்ணத்தைத் தூக்கினாள். குடையை எடுத்தாள். வெள்ளைக் காகிதத்தில், சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கோடு கோடாக... மங்கிய பச்சைத் தூள்!

புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பாக இருக்கும். பச்சைத் தூள் உதிர்ப்பது புல்தரைகளில் வட்டமாக முளைக்கும் பச்சைவித்துக் காளான். இளசாக இருக்கும்போது குடையின் அடிமடிப்பும் வெள்ளையாகவே இருக்கும் என்பதால், பார்ப்பவர் ஏமாந்துவிடுவார்கள். அமெரிக்காவில் காளான் நச்சு என்று மிக அதிகமாகப் பதிவாவதற்குக் காரணம் இதுதான். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் தாங்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் அன்று சாப்பிட்டிருக்கக்கூடியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். பத்து வயதுக் குழந்தை. எழுபத்திரண்டு வயது அத்தை.

அத்தை அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஊர்ல நாப்பது வருசம் காளான் பறிச்சிருக்கேன் தாயி. ஒரு நாள் தப்பினதில்ல” என்றார். குரல் கம்மியது.

“அது உங்க ஊரு மண்ணு அத்தை. அங்க ஒவ்வொரு புத்தும் உங்களுக்குத் தெரியும். இது வேற மண்ணு” என்றேன்.

சமாதானத்துக்காகச் சொன்ன வார்த்தைதான். யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. பூவைப் பதியம் போட்டு எந்த ஊருக்கும் கொண்டு போகலாம். காளானைப் பற்றிய அனுபவத்தை அப்படிக் கொண்டு போக முடியாது. எந்த வயல், எந்தப் புற்று, எந்த மழைக்குப் பிறகு என்று அது அந்த இடத்தோடு பின்னிக் கிடக்கும்.

இதற்கு உலகம் விலை கொடுத்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஓக் மரங்களோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்த கொடிய காளான் ஒன்று உண்டு. மரணக்குடை என்றே அதற்குப் பெயர். ஆசிய நாடுகளில் விரும்பிச் சாப்பிடும் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். கான்பெரா நகரில் புத்தாண்டு விருந்தில் அதைச் சாப்பிட்ட இரண்டு பேர் 2012 ஜனவரியில் இறந்துபோனார்கள். நம் நாட்டிலேயே, 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளான் சாப்பிட்டுச் சில நாட்களுக்குள் 13 பேர் உயிரிழந்தார்கள்.

வெள்ளிக்காசை நம்பாதீர்கள்

விஷக் காளானைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். குழம்பில் வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும், பூண்டு நிறம் மாறும், மஞ்சள்தூள் போட்டால் விஷம் முறியும், பூச்சி கடித்திருந்தால் நாமும் சாப்பிடலாம், வெள்ளையாக இருந்தால் நல்லது... இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. நத்தை தின்ற காளான் நம்மைக் கொல்லலாம். மரணக்குடை வகையின் நஞ்சு, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது.

நாங்கள் செய்த காகிதச் சோதனையும் சாப்பிடலாமா என்று சொல்லும் சோதனை அல்ல. பச்சை வந்தால் இன்ன காளான் என்று தெரியும். பச்சை வராவிட்டால் நல்லது என்று அர்த்தமே இல்லை. மிகக் கொடிய காளான்களின் தூள் வெள்ளை நிறம்தான். போனில் படம் எடுத்துப் பெயர் சொல்லும் செயலிகளும் அப்படித்தான். பெயர் தெரிந்துகொள்ள, ரசிக்கப் பயன்படுத்துங்கள். சமையலுக்கு அதை நம்பாதீர்கள்.

பயந்துபோய்க் காளானைக் கண்டாலே மிதிக்கவும் வேண்டாம். தொட்டால் விஷம் ஏறாது. தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தவழும் குழந்தையோ நாயோ வீட்டில் இருந்தால் மட்டும் காலையிலேயே பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள். மற்றபடி, உங்கள் மண்ணில் மட்கும் வேலை நன்றாக நடக்கிறது என்று காளான் சொல்கிறது. காய்ந்த இலையும் செத்த வேரும் மறுபடி உரமாவது அதன் புண்ணியத்தில்தான்.

யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டு வைத்தியம் வேண்டாம். 108-ஐ அழையுங்கள் அல்லது உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மிச்சமிருக்கும் காளானை ஒரு காகித உறையில் போட்டு எடுத்துப் போங்கள். முக்கியமான ஒன்று: கொடிய வகைகளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி வந்து, நடுவில் சரியாகிவிட்டது போலவும் இருக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ‘இப்ப நல்லா இருக்கே’ என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

பூக்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கடும் விஷம். அரளியும் அப்படியே. 2024-ல் கேரளக் கோயில்களை நிர்வகிக்கும் இரண்டு தேவஸ்வம் வாரியங்கள், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது நினைவிருக்கலாம். அழகாக இருப்பதெல்லாம் வாய்க்கு அல்ல. கண்ணுக்கு என்று குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அப்பத்தாவின் பள்ளிக்கூடம்

அன்று மாலை கடையிலிருந்து மொட்டுக் காளான் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். “அத்தை, உங்க கைப்பக்குவத்துல அதே குழம்பு வைங்க” என்றேன். முதலில் தயங்கினார். பிறகு சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், தேங்காய் எல்லாம் அம்மியில் வைத்து அரைக்க ஆரம்பித்தார். அரைத்துக்கொண்டே கதையும் வந்தது. விடியற்காலையில் மாமா பனையோலைப் பெட்டி நிறையக் காளான் கொண்டு வருவாராம். எந்தப் புற்றில் பூத்தது என்று பங்காளிகளிடம்கூடச் சொல்ல மாட்டாராம். அத்தைக்கு மட்டும்தான் தெரியுமாம். “இப்ப அந்தப் புத்தையும் இடிச்சுப் பிளாட்டு போட்டுட்டாங்க தாயி” என்று முடித்தார்.

நான் போனில் அதைப் பதிவு செய்துகொண்டேன். குழம்பின் பக்குவத்தை மட்டுமல்ல, புற்று இருந்த இடத்தையும் சேர்த்து.

இப்போதெல்லாம் காலையில் அத்தையும் பேத்தியும் சேர்ந்தே தோட்டத்தைச் சுற்றுகிறார்கள். சின்னவள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். தேதி, மழை பெய்ததா, என்ன பூ, என்ன காளான், எங்கே முளைத்தது, ஒரு படம். எழுதுவது அவள், கண்டுபிடிப்பது அத்தை. ஈரச் சருகுக்குள் கடுகளவு குடை இருந்தாலும் அத்தையின் கண்ணுக்குத் தப்பாது. “எனக்கு என்ன தெரியும்” என்ற பேச்சைக் கேட்டுக் கொஞ்ச நாளாகிறது. “பறிக்காத ஆத்தா, பாரு” என்ற குரல்தான் கொல்லைப்பக்கம் கேட்கிறது.

மழை இன்னும் சில வாரம் இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியோ, அடுக்குமாடியின் மதில் ஓரமோ, காலையில் பத்து நிமிடம் குனிந்து பாருங்கள். கூடவே வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள்.

சொல்ல மறந்துவிட்டேனே... அன்றைய குழம்பு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? நாங்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டோம். அத்தைதான் ஒரு வாய் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உங்க மாமா இருந்திருந்தா, இதக் காளான்னே ஒத்துக்கிட மாட்டாரு தாயி!”